பழைய மருந்துப் பேழைகள்: காலிக் குப்பியை ஏன் நிரப்பக் கூடாது

என் மேசைமேல் ஒரு மகாகனிப் பெட்டி இருக்கிறது. தூக்கினால் மரத்தின் கனத்தோடு உள்ளிருக்கும் கண்ணாடியின் கனமும் கைக்குத் தெரியும். மேல்மூடியில் உள்ள பித்தளைக் கைப்பிடி மரத்துக்குள் அழுந்திப் படுத்திருக்கும். பயணத்தில் மற்ற மூட்டைகள் உரசிப் பிய்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முன்கதவுகள் இரண்டும் புத்தகம் விரிவதுபோல விரியும். உள்ளே வெல்வெட் ஒட்டிய சதுர அறைகள் பதினாறு, குப்பிகள் பதினைந்து. கீழே ஓர் இழுப்பறை. அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் தராசு, கண்ணாடிக் கல்வம், மாத்திரை உருட்டும் பீங்கான் பலகை, களிம்பு வழிக்கும் மெல்லிய கத்தி.

பதினாறாவது அறை காலி. வாங்கிய புதிதில் அந்தக் காலியிடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அதே உயரம், அதே கழுத்து, அதேபோல் தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடி கொண்ட குப்பி ஒன்றைத் தேடினேன். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதை வைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன்: மற்ற அறைகளில் வெல்வெட்டின் பூமயிர் இன்னும் நிமிர்ந்து நிற்க, இந்த அறையில் மட்டும் முன்விளிம்பு, மரம் தெரியும்வரை தேய்ந்திருந்தது. அந்த வீட்டில் அதிகமாக எடுத்துப் புழங்கிய மருந்து இங்கேதான் இருந்திருக்கிறது. அதற்கு அடுத்த அறையில் அபின் கரைசல், முக்கால் பாகம் தீர்ந்த நிலையில். எதிர்வரிசையில் லாவெண்டர் சாரம், கழுத்துவரை நிறைந்து. நான் தேடிப் பிடித்த குப்பியை வைத்திருந்தால் பார்வைக்கு அழகாக இருந்திருக்கும், தேய்ந்த விளிம்பு மறைந்தும் போயிருக்கும். அந்தக் குப்பி இப்போது வேறொரு அலமாரியில், வாங்கிய தேதி எழுதிய சீட்டோடு தனியாக நிற்கிறது.

பழைய மருந்துப் பெட்டிகளைச் சேகரிப்பவர்களிடையே ‘முழுமை’ என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. எல்லாக் குப்பிகளும் உள்ள பெட்டி உயர்ந்தது, ஒன்று குறைந்தால் தாழ்ந்தது என்பது சந்தையின் கணக்கு. அந்தக் கணக்குக்காக இருநூறு ஆண்டுத் தடயங்கள் ஒரு பிற்பகலில் அழிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டிகள் என்ன, யாருக்காகச் செய்யப்பட்டன, எதைக் கொண்டு அவற்றின் வயதைப் படிப்பது என்று தெரிந்துவிட்டால், காலியிடத்தை நிரப்பும் ஆசை தானாகவே குறையும் என்று நம்புகிறேன்.

வீட்டு மருந்துப் பெட்டி என்பது தூரத்தினால் பிறந்த பொருள். மருத்துவர் ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தார், அல்லது நடுக்கடலில் இல்லவே இல்லை. காய்ச்சலோ கழிச்சலோ அதுவரை காத்திருக்காது. எனவே வசதி உள்ள குடும்பம், கப்பல் தலைவர், படைப்பிரிவு, பயணி என யாராயிருந்தாலும் ஒரு சிறு மருந்துக்கடையையே பெட்டிக்குள் மடித்து எடுத்துச் சென்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டனில் இது பெருவழக்கானது. 1769இல் வெளிவந்த வில்லியம் பக்கனின் வீட்டு மருத்துவ நூல் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. நூல் ஒரு கையில், பெட்டி மறுகையில் என்றால் குடும்பத் தலைவியே பாதி மருத்துவர். சேவரி அண்ட் மூர் போன்ற லண்டன் மருந்தகங்கள் பெட்டியோடு மருந்தளவு விளக்கும் சிறு கையேட்டையும் சேர்த்தே விற்றன. இன்று அந்தக் கையேடு பெட்டியோடு சேர்ந்தே கிடைப்பது அரிது. கிடைத்தால், என்னைப் பொறுத்தவரை, அது நாலு குப்பிகளுக்குச் சமம்.

இந்தத் தொழிலின் வேர் மளிகை வணிகத்தில் இருக்கிறது. லண்டனில் அப்போதிக்கரிகள் என்ற அக்கால மருந்தாளர்கள் முதலில் மளிகை வணிகர் சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தார்கள். மிளகும் கிராம்பும் விற்ற அதே கைகள்தான் மருந்தையும் நிறுத்துக் கொடுத்தன. 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனம் பெற்றுத் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள். பிளாக்ஃபிரையர்ஸில் உள்ள அவர்களுடைய மண்டபம் 1922 வரை மருந்து தயாரித்து விற்றது. கடற்படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அங்கிருந்து மருந்து சென்றது.

பெட்டிக்குள் இருந்தவை என்ன? பேதியாகவும் வாந்தி வரவும் கொடுக்கும் மருந்துகளே பெரும்பகுதி. ரேவல்சின்னி, விளக்கெண்ணெய், பேதி உப்பு, ஜாலப் என்ற மெக்ஸிகோ வேர், வாந்தி வரவழைக்க இபிகாக் வேரும் ஆன்டிமனி உப்பும். உடலில் தேங்கிய கெட்ட நீரை வெளியேற்றினால் நோய் போகும் என்ற நம்பிக்கை அத்தனை ஆழமானது. இவற்றோடு காய்ச்சலுக்குச் சின்கோனாப் பட்டை. அதிலிருந்து குயினைனைப் பெல்லட்டியே, காவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தது 1820இல். ஆகவே பட்டைத் தூள் உள்ள பெட்டிக்கும் குயினைன் எழுதிய பெட்டிக்கும் நடுவே ஒரு காலக்கோடு ஓடுகிறது. மயக்கத்துக்கு முகரும் அம்மோனியா உப்பு, வலிக்கு அபின் கரைசலான லாடனம், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் கேலோமெல்.

கேலோமெல் பாதரச உப்பு. சித்த மருத்துவ நூல்களில் பூரம் என்று வருவது இதுவே. அளவு மீறினால் வாயில் எச்சில் ஊற்றெடுக்கும், ஈறு புண்ணாகும், பல் விழும். மருந்து ‘வேலை செய்கிறது’ என்பதற்கு அந்த எச்சிலையே அன்றைய மருத்துவர்கள் அடையாளமாகக் கொண்டார்கள். 1803இல் அமெரிக்காவின் மேற்கே புறப்பட்ட லூயிஸ், கிளார்க் ஆய்வுப் பயணக் குழுவின் மருந்துச் சுமையில், மருத்துவர் பெஞ்சமின் ரஷ் வகுத்த பேதி மாத்திரைகள் ஐம்பது டஜன் இருந்தன. கேலோமெல்லும் ஜாலப்பும் கலந்தவை. ‘இடியேறு’ என்ற பட்டப்பெயரே அவற்றுக்கு இருந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, மொன்டானாவில் அவர்கள் முகாமிட்ட ஓரிடத்தைத் தொல்லியலாளர்கள் உறுதிசெய்ய உதவியது மண்ணில் மிஞ்சியிருந்த பாதரசம். அவர்களுடைய கழிப்பிடக் குழியிலிருந்து கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 மே மாதம், படைத் தலைமை மருத்துவர் வில்லியம் ஹேமண்ட் கேலோமெல்லை இராணுவ மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கினார். மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். இரவு பகலாகக் கைகொடுத்த மருந்தைப் பறித்தால் யாருக்கும் பொறுக்காதல்லவா? ஹேமண்ட் பதவியையே இழந்தார். அதற்கு வேறு பகைகளும் சேர்ந்தன.

லாடனத்துக்குப் பெட்டியில் தனி இடம் உண்டு. தரமான பெட்டிகளின் பின்புறம் ஒரு மறைவறை இருக்கும். முன்கதவைத் திறந்தால் மட்டுமே கண்ணில் படும் சிறு பித்தளைக் குமிழையோ ஊசியையோ இழுத்தால் பின்பலகை சறுக்கி விலகும், உள்ளே நச்சு மருந்துகளின் வரிசை. குழந்தைகளும் வேலையாட்களும் தொடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. இத்தனைக்கும் 1868ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் வரும்வரை பிரிட்டனில் அபினை யாரும் எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்தச் சட்டம்தான் விற்பனையைப் பதிவுபெற்ற மருந்தாளரிடம் ஒப்படைத்தது, நஞ்சு என்று ஒட்டவேண்டும் என்றது. அந்தக் காலத்து நச்சுக் குப்பிகள் பல கருநீலத்திலோ பச்சையிலோ, பக்கவாட்டில் வரிவரியாகப் புடைத்திருக்கும். நள்ளிரவில் விளக்கில்லாமல் தடவி எடுக்கும் கைக்கு அது எச்சரிக்கை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை அதைத் தொட்டுப் பார்த்தால், இருட்டில் மருந்து தேடும் அச்சம் எத்தகையது என்று விளக்கம் இல்லாமலே புரியும்.

தராசைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனெனில் சேகரிப்பவர்கள் பலரும் அதைத் துலக்கிக் காட்சிக்கு வைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எஃகுக் கோல், பட்டுக் கயிற்றில் தொங்கும் இரண்டு பித்தளைத் தட்டுகள், சதுரமாக வெட்டிய தகட்டு எடைகள். அப்போதிக்கரி கணக்கில் 20 கிரெய்ன் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஒரு கிரெய்ன் அபினுக்கும் இரண்டு கிரெய்னுக்கும் இடையே ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடிய காலம் அது. எடைத் தகட்டில் அச்சிட்ட குறிகள் பொடிப்பொடியானவை. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அவைதான். நான் வாங்கிய முதல் தராசின் தட்டுகளை அப்படித்தான் பளபளவென்று ஆக்கினேன். தட்டின் அடியில் செய்தவர் பொறித்த குறி ஒன்று இருந்தது, இப்போது அதன் பாதி மட்டுமே சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில் தெரிகிறது. அதை நினைத்தால் இன்னும் மனம் கசக்கிறது.

தராசு இல்லாத பெட்டி கிடைத்தால், தொலைந்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். ஓமியோபதிப் பெட்டிக்குத் தராசு தேவையே இல்லை. சுண்டுவிரல் பருமனில் டஜன் கணக்கில் ஒரே அளவு குப்பிகள், தக்கையின் தலையில் எண்ணோ பெயரோ எழுதிய வட்டச் சீட்டு. இவைதான் அதன் அடையாளம். 1835இல் கான்ஸ்டன்டைன் ஹெரிங் அமெரிக்காவில் வெளியிட்ட வீட்டு மருத்துவ நூலோடு எண்ணிட்ட குப்பிகள் கொண்ட பெட்டியும் வந்தது. நூலில் எண்ணைப் பார், பெட்டியில் எண்ணை எடு. அவ்வளவுதான்.

கப்பல்களிலும் இதே எண் முறைதான். 1790ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், 150 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவு உடைய, பத்து பேருக்குக் குறையாமல் ஆட்கள் பணிபுரியும் கப்பல்கள் வெளிநாடு செல்லும்போது, நல்ல பெயர் பெற்ற அப்போதிக்கரி கட்டித் தந்த மருந்துப் பெட்டியையும் பயன்படுத்தும் குறிப்பையும் கட்டாயம் கொண்டிருக்க வேண்டும் என்றது. மருத்துவர் இல்லாத கப்பலில் கேப்டன்தான் வைத்தியர். ஒன்பதாம் எண் குப்பி தீர்ந்துவிட்டதால் நாலாம் எண்ணையும் ஐந்தாம் எண்ணையும் கலந்து கொடுத்த கேப்டனைப் பற்றி மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லி வந்தார்கள். எண்ணிட்ட குப்பிகள் கொண்ட கப்பல் பெட்டியில் எந்தெந்த எண்கள் காலியாகியிருக்கின்றன என்பதை அதன் கையேட்டோடு ஒப்பிட்டால், அந்தப் பயணத்தில் ஆட்களை வாட்டியது எது என்று ஊகிக்க முடியும். இப்படிப்பட்ட பெட்டியில் வேறு பெட்டியின் குப்பிகளைக் கொண்டுவந்து அடைப்பவர் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

கடல் காப்பாற்றித் தந்த பெட்டி ஒன்று இந்தத் துறையின் பெரும் புதையல். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் முடிதிருத்தும் அறுவை மருத்துவர் ஒரு வால்நட் மரப் பெட்டி வைத்திருந்தார். இன்று அது போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருவிகளின் இரும்பு உப்புநீரில் கரைந்து, மரக் கைப்பிடிகள் மட்டும் மிஞ்சின. ஆனால் மூடிய மரச் சிமிழ்களுக்குள் களிம்பு இருந்தது, அதை வழித்தெடுத்த விரலின் தடத்தோடு. பெயர் தெரியாத அந்த மனிதர் கடைசியாக யாருக்கோ மருந்து தடவ விரலை விட்டிருக்கிறார். யாரோ ஒருவர் அந்தச் சிமிழைத் ‘தூய்மை’ செய்திருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு மரச்சிமிழ் மட்டுமே.

அதே நூற்றாண்டில், ஆடம்பரத்தின் எதிர்முனையில் இருப்பது ஜஸ்டினியானி பெட்டி. 1560களில், ஜெனோவா ஆட்சியிலிருந்த கியோஸ் தீவின் ஆளுநர் வின்சென்சோ ஜஸ்டினியானிக்காகச் செய்யப்பட்டது. 126 குப்பிகளும் சாடிகளும், மூடிக்குள் ஓர் ஓவியம். 1566இல் தீவே துருக்கியர் கைக்குப் போனது, பெட்டி தப்பியது. அது இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ள ஹென்றி வெல்கம் தொகுப்பைச் சேர்ந்தது.

வெல்கமைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேச முடியாது. அவர் இரண்டு விதத்தில் இதில் வருகிறார்: உலகின் மிகப் பெரிய மருத்துவப் பொருள் சேகரிப்பாளராகவும், மகாகனிப் பெட்டியின் கதையை முடித்து வைத்தவராகவும். அமெரிக்கர்களான அவரும் சைலஸ் பரோஸும் 1880இல் லண்டனில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பொடியை அழுத்தி வில்லையாக்கும் கருவிக்கு வில்லியம் பிரோக்டன் 1843லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதைப் பெருந்தொழிலாக்கியவர்களில் இவர்கள் முன்வரிசையினர். 1884இல் ‘டேப்ளாய்ட்’ என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்தார்கள். சுருக்கித் தரும் சிறு செய்தித்தாளுக்கு அந்தச் சொல் பின்னர் போய்ச் சேர்ந்த கதை தனி.

மாத்திரை வந்ததும் தராசு, கல்வம், பீங்கான் பலகை மூன்றுக்கும் வேலை போயிற்று. அளவைத் தொழிற்சாலையே எடைபோட்டு வைத்துவிட்டது. குப்பி சுருங்கியது, பெட்டி தகரமானது, எடை குறைந்தது. 1887இல் ஆளுநர் எமின் பாஷாவை மீட்க ஆப்பிரிக்காவுக்குள் சென்ற பயணி ஸ்டான்லிக்கும், 1910இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட ஸ்காட்டின் குழுவுக்கும் இந்த நிறுவனத்தின் பெட்டிகள் துணை போயின. விளம்பரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சேகரிப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிரபலப் பயணியின் பெயரோடு வரும் பெட்டியில் பெரும்பாலும் அந்தப் பெயர் விளம்பரத் துண்டறிக்கையிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஒரே மாதிரிப் பெட்டிகள் ஏராளமாக விற்றன. அவற்றுள் ஒன்று பனியைப் பார்த்தது என்று நம்பக் காகித ஆதாரம் வேண்டும்.

1888இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் ரயில்வே தொழிலாளர்களுக்காக முதலுதவிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து பெட்டியின் உள்ளடக்கமே மாறுகிறது. பேதி மருந்து போய், கட்டுத்துணியும் கிருமிநாசினியும் வருகின்றன. உள்நோயைத் தீர்ப்பதை விட்டு, மருத்துவர் வரும்வரை உயிரைத் தாங்குவதே பெட்டியின் வேலை என்றாகிறது.

ஐரோப்பாவுக்கு வெளியே இந்தக் கதை வேறு பாதையில் நடந்தது. ஜப்பானியர் இடைக்கச்சையில் தொங்கவிட்ட இன்ரோ, அடுக்கடுக்காகப் பொருந்தும் அரக்குப் பூச்சுச் சிமிழ். சிறிய அறைகளில் மருந்து வைப்பார்கள், கயிறு நழுவாமல் நெட்சுகே என்ற செதுக்குமணி தாங்கும். இதைவிட என்னை ஈர்ப்பது தொயாமா என்ற ஊரின் மருந்து வணிகர்களின் பெட்டிதான். எடோ காலத்திலிருந்தே (1603–1868) அவர்கள் வீடு வீடாக ஒரு மருந்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், காசு வாங்காமல். மறுமுறை வரும்போது தீர்ந்ததற்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு, மீண்டும் நிரப்புவார்கள். முதலில் பயன், பிறகு ஆதாயம் என்பது அவர்கள் வழக்கு. எந்த வீட்டில் எது தீர்ந்தது என்ற பதிவேட்டையும் வைத்திருந்தார்கள். என் பெட்டியின் தேய்ந்த விளிம்பைக் கொண்டு நான் ஊகிப்பதை அவர்கள் மையில் எழுதியே வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அறுவை மருத்துவரின் கருவிப் பெட்டி தனி இனம். லண்டனின் வைஸ், பாரிஸின் ஷாரியேர், நியூயார்க்கின் டீமன் ஆகிய பெயர்களை இதில் அடிக்கடி காணலாம். இதன் வயதைக் கணிக்க எல்லாவற்றிலும் உறுதியான வழி கைப்பிடியைப் பார்ப்பது. கருங்காலியோ தந்தமோ, குறுக்குக்கோடு செதுக்கிய பிடி, சிவப்போ ஊதாவோ வெல்வெட் பள்ளங்கள். இப்படி இருந்தால் அது கிருமியை அறியாத காலத்துப் பெட்டி. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கம் காட்டப்பட்ட பிறகு நோயாளி துடிக்கவில்லை, ஆனால் கத்தி அதே கத்திதான், துடைத்து வெல்வெட்டிலேயே திரும்ப வைக்கப்பட்டது. ஜோசப் லிஸ்டர் தம் கிருமிநாசினி முறையை 1867இல் வெளியிட்டார். 1880களிலும் 1890களிலும் ஜெர்மானிய மருத்துவமனைகள் கருவிகளை நீராவியிலும் கொதிநீரிலும் தூய்மையாக்கத் தொடங்கின. மரப்பிடி கொதிநீரைத் தாங்காது. அன்றிலிருந்து முழுவதும் உலோகம், நிக்கல் பூச்சு, துவைக்கும் துணி உறை அல்லது உலோகத் தட்டு. ஒரே பெட்டிக்குள் தந்தப்பிடி ரம்பமும் நிக்கல் பூசிய கத்தியும் அருகருகே கிடந்தால், பிற்காலத்தில் யாரோ சேர்த்து வைத்திருக்கலாம், அல்லது பழைய மருத்துவர் ஒருவர் புதிய கருவியைத் தயங்கித் தயங்கி ஏற்றிருக்கலாம். பள்ளத்தில் கருவி எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தனக்கென்று செதுக்கிய பள்ளத்தில் உட்காரும் கருவி அசையாது. வெல்வெட்டில் அதன் நிழல்போன்ற கறையும் அதே வடிவில் இருக்கும்.

மருந்துப் பெட்டியின் வயதைச் சொல்வதில் லேபிளுக்குத்தான் முதலிடம். குளோரின் ஒரு தனிமம் என்று ஹம்ப்ரி டேவி 1810இல் அறிவிக்கும்வரை அதன் உப்புகளுக்கெல்லாம் ‘மியூரியேட்’ என்றே பெயர். லத்தீன் லேபிளில் கேலோமெல் ‘சப்மியூரியாஸ்’ என்று வந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியை நினைக்கலாம், ‘குளோரைடம்’ என்று மாறியிருந்தால் அதற்குப் பிந்தியது. மருந்தாளர்கள் பழைய பெயரை விட மனமில்லாமல் பல ஆண்டுகள் இழுத்தார்கள் என்பதால் இது தேதியாகாது, காலத்தின் திசையை மட்டும் காட்டும். அமெரிக்கக் குப்பிகளில் ‘1906 ஜூன் 30 சட்டத்தின்படி உத்தரவாதம்’ என்ற வரி இருந்தால் அதை 1906ஆம் ஆண்டுக் குப்பி என்று விற்பார்கள். அது சட்டத்தின் தேதி; குப்பி அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் நிரப்பப்பட்டிருக்கலாம். கண்ணாடியில் அச்சின் தையல்கோடு கழுத்தோடு நிற்காமல் வாய்விளிம்பு வரை ஏறினால், அது பெரும்பாலும் தானியங்கி இயந்திரம் ஊதிய குப்பி. மைக்கேல் ஓவன்ஸின் இயந்திரம் வந்தது 1903இல்.

போலிகளைப் பொறுத்தவரை, பெட்டியையே புதிதாகச் செய்பவர்கள் குறைவு. பழைய பெட்டி, பழைய குப்பி, பழைய கருவி என்று ஒவ்வொன்றும் உண்மையாகவே பழையதாக இருக்க, அவற்றின் சேர்க்கை மட்டும் பொய்யாக இருப்பதே அதிகம். இதன் உச்சம் ‘வாம்பயர் வேட்டைப் பெட்டி’. சிலுவை, மரமுளை, கைத்துப்பாக்கி, பூண்டுச் சாறு என்று எழுதிய குப்பி எல்லாம் 19ஆம் நூற்றாண்டுப் பெட்டிக்குள் அழகாக அடங்கியிருக்கும். அருங்காட்சியக வல்லுநர்கள் ஆராய்ந்தவரை, இவை 20ஆம் நூற்றாண்டில் வாம்பயர் சினிமா பரவிய பிறகு சேர்த்துக் கட்டியவை. பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில்கூட ஒன்று உண்டு, அங்கே அதை மக்கள் கற்பனையின் சான்றாகவே காட்டுகிறார்கள். என்னை வருத்துவது, அதற்காக உடைக்கப்பட்ட உண்மையான மருந்துப் பெட்டிகள்தான்.

இனி ஆபத்து. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் பழைய மருந்து வீரியம் இழந்திருக்கும் என்ற நினைப்பு உயிருக்கு உலை வைக்கும். ஆர்சனிக்கும் பாதரசமும் நூறாண்டு கழித்தும் அதே ஆர்சனிக், அதே பாதரசம்தான். குளோரோஃபாம் வெளிச்சமும் காற்றும் பட்டுச் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பழைய ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கலாம். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதலுதவித் தகரப்பெட்டிகளில் தீப்புண்ணுக்கென்று வைத்த பிக்ரிக் அமிலம். மஞ்சள் கறை படிந்த கட்டுத்துணி, மஞ்சள் படிகம் பூத்த குப்பி மூடி. ஈரம் இருக்கும்வரை சாது. உலர்ந்துவிட்டால், அதிலும் உலோகத்தோடு சேர்ந்து உப்பாகிவிட்டால், உரசலிலேயே வெடிக்கும். 1917 டிசம்பரில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடித்து 1,700க்கும் மேற்பட்டோரைக் கொன்ற மோன் பிளான் கப்பலின் சரக்கில் பெரும்பகுதி இதே அமிலம். மஞ்சள் பூத்த மூடியைக் கண்டால் திருகாதீர்கள், பெட்டியை நகர்த்தாதீர்கள். அறையை விட்டு வெளியே வந்து, தீயணைப்புத் துறையையோ வெடிபொருள் பிரிவையோ அழையுங்கள். சிறு அருங்காட்சியகங்களிலேயே இப்படி அழைக்க நேர்ந்திருக்கிறது.

அபினும் மார்ஃபினும் மீந்திருக்கும் குப்பியை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம், பழம்பொருள் என்ற விலக்கு தானாகக் கிடைத்துவிடாது. தந்தப்பிடியும், குருதி வடிக்கும் சிறு கத்திகளுக்கு உறையாக வந்த ஆமை ஓடும் அருகிவரும் உயிரினச் சட்டங்களுக்குள் வரும். எல்லை தாண்டி வாங்கும் முன்போ விற்கும் முன்போ இதை விசாரித்துவிட வேண்டும்.

நஞ்சை வைத்துக்கொள்ளவும் கூடாது, தடயத்தை அழிக்கவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? இங்கேதான் சேகரிப்பவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. முதலில் எதையும் நகர்த்தாமல் படம் எடுக்க வேண்டும்: கதவு மூடியபடி, திறந்தபடி, ஒவ்வொரு குப்பியின் நான்கு பக்கமும், குப்பி எடுத்த பிறகு அறையின் தரையும். எந்தக் குப்பியில் எவ்வளவு மட்டம் என்று அளந்து எழுத வேண்டும். அதன்பின் ஆபத்தானதை மட்டும், அறிந்தவர் கையால், அகற்றிவிடலாம். லேபிளைக் கழுவக் கூடாது. குப்பியைத் துடைக்கவேண்டுமானால் லேபிளுக்கு விரற்கடை தூரத்தில் நிறுத்திவிட வேண்டும். இறுகிப்போன கண்ணாடி மூடியைத் திருகித் திறப்பதில் ஒரு லாபமும் இல்லை, கழுத்து உடையும். தோல் உறை சிவப்புப் பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் பூசாமல் அப்படியே விடுவது நல்லது. பளிச்சென்ற பச்சைக் காகிதம் உள்ளே ஒட்டியிருந்தால் கையுறை போடுங்கள். 19ஆம் நூற்றாண்டின் அந்தப் பச்சை பெரும்பாலும் ஆர்சனிக் நிறமி.

சென்ற ஆண்டு வேறொரு பெட்டியின் இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்தபோது, அடித்தாளுக்குக் கீழே மடித்த சீட்டு ஒன்று அகப்பட்டது. விற்றவர் அதைப் பார்த்திருக்கவில்லை. பழுப்பேறிய மையில் மூன்றே வரி: ரேவல்சின்னி இத்தனை கிரெய்ன், மெக்னீசியா இத்தனை, இரவில் தேனில் குழைத்து. நான்காவது வரி வேறொரு கையெழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: ‘சின்னவளுக்குப் பாதி.’ சீட்டைப் படம் எடுத்து, அமிலம் இல்லாத உறையில் இட்டு, இருந்த இடத்திலேயே, அடித்தாளுக்குக் கீழேயே திரும்ப வைத்துவிட்டேன்.